எழுத்துக் கூட்டுவதிலிருந்து கதை வாசிப்பது வரை: தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

ஒரு குழந்தை பாடத்தைக் கடகடவென்று சொல்கிறது என்பதற்காக அதற்கு வாசிக்கத் தெரியும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கத்தின் நடுவில் ஏதாவது ஒரு சொல்லின் கீழே விரலை வைத்து, "இது என்ன சொல்?" என்று கேளுங்கள். சில குழந்தைகள் சட்டென்று சொல்லிவிடும். சில குழந்தைகள் முதல் வரிக்குப் போய், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, உங்கள் விரல் இருக்கும் இடத்தில் நிறுத்திச் சொல்லும். அந்தக் குழந்தைக்குப் பாடம் மனப்பாடம் ஆகியிருக்கிறது. வாசிக்க இன்னும் வரவில்லை.

பேச்சு தானாக வந்துவிடும். சுற்றி இருப்பவர்கள் பேசினால் போதும், குழந்தை பிடித்துக்கொள்ளும். வாசிப்பு அப்படி வருவதில்லை. எந்தக் கோட்டுக்கு எந்த ஒலி, அந்த ஒலிகளை எப்படிச் சேர்ப்பது என்று யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். சில குழந்தைகள் கொஞ்சம் சொன்னாலே மீதியைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். பலருக்கு ஒவ்வொரு படியையும் காட்ட வேண்டியிருக்கும். ஸ்ட்ரக்சர்டு லிட்டரசி என்று சொல்லப்படும் முறை இந்தப் பலருக்காக உருவானது. எதையும் ஊகத்துக்கு விடாமல் நேரடியாகச் சொல்லித்தருவது, எளியதில் தொடங்கி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது, கற்றது நின்றிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போவது. முறை என்பது இவ்வளவுதான். ஆனால் இதை விடாமல் செய்வது சுலபமில்லை.

1930-களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவரும் அன்னா கில்லிங்கம் என்ற ஆசிரியரும், வாசிக்கத் திணறிய குழந்தைகளுக்காக இப்படிப் படிப்படியான பயிற்சியை உருவாக்கினார்கள். 2000-ல் அந்த நாட்டின் தேசிய வாசிப்புக் குழு, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து ஐந்து விஷயங்களை முன்வைத்தது: ஒலிகளைப் பிரித்து உணர்வது, எழுத்தையும் ஒலியையும் இணைப்பது, சரளம், சொல்வளம், பொருள் புரிதல். இவற்றில் முதல் இரண்டையும் ஆங்கிலத்துக்குப் போட்ட பாடத்திட்டத்திலிருந்து அப்படியே எடுத்துத் தமிழுக்கு ஒட்டவைக்க முடியாது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு 40-க்கும் மேற்பட்ட ஒலிகளைச் சமாளிக்கிறார்கள். அங்கே தலைவலி எழுத்துக்கூட்டலின் ஒழுங்கின்மை. நமக்கு எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒழுங்காகவே பொருந்துகின்றன. நம் சிரமம் எழுத்துகளின் எண்ணிக்கையிலும் உயிர்மெய்க் குறிகள் உட்காரும் இடத்திலும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதனால் தமிழ் வாசிப்பைப் பற்றியே பேசுகிறது.

முதல் வாரம்: யார் எங்கே நிற்கிறார்கள்?

பாடத்தைத் தொடங்கும் முன் ஒவ்வொரு குழந்தையையும் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். தேர்வு மாதிரி இருக்கக் கூடாது. எழுத்து அட்டைகளை வரிசை மாற்றிக் காட்டுங்கள். வரிசை மாற்றுவது முக்கியம். க, கா, கி, கீ என்று பாட்டாகச் சொல்லும் குழந்தையிடம் 'கூ' அட்டையை மட்டும் நீட்டினால், அது க-விலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் கூ-வைப் பிடிக்கும். வாசிக்கும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் இப்படி ஓடிப்போய் வர முடியாது அல்லவா?

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாள். இடப்பக்கம் மெய்கள், மேலே உயிர்க் குறிகள், நடுவில் கட்டங்கள். தெரிந்த கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தால் ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு குழந்தைக்குக் குறிகள் எல்லாம் வரும், ண வரிசை மட்டும் வராது. இன்னொரு குழந்தைக்கு எல்லா மெய்யும் வரும், கொம்பு (ெ, ே போன்ற குறி) வைத்த எழுத்து எதுவுமே வராது. இரண்டு பேருக்கும் வேண்டிய பாடம் வேறு வேறு. "எழுத்தே தெரியவில்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் உதவ முடியாது.

காதுக்குக் கொஞ்சம் வேலை

எழுத்து அட்டையைத் தொடும் முன்பும், தொட்ட பிறகும், தினமும் ஐந்து நிமிடம் வெறும் ஒலி விளையாட்டு. புத்தகம் வேண்டாம். "பம்பரம்" என்று சொல்லி, பம், ப, ரம் என்று மூன்று தட்டு. பட்டம், வட்டம், கட்டம் என்று ஒத்து ஒலிக்கும் சொற்களைச் சேர்ப்பது. "கப்பல், கதவு, மலர்: இதில் எது சேரவில்லை?" என்று முதல் ஒலியைக் கேட்பது.

அப்புறம் குறில், நெடில். இதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். கல், கால். பல், பால். மலை, மாலை. விடு, வீடு. முடி, மூடி. எரி, ஏரி. கொடு, கோடு. நீங்கள் சொல்லச் சொல்ல, குறில் கேட்டால் கையை மடக்க வேண்டும், நெடில் கேட்டால் நீட்ட வேண்டும். காதில் வித்தியாசம் பிடிபட்ட குழந்தைக்குக் காலும் (ா) கொம்பும் எதற்காக என்பது புரியும். காதில் பிடிபடாத குழந்தைக்கு அவை வெறும் கோடுகள்.

கடைசியாக, ஒலியை எடுத்துப் போடும் விளையாட்டு. "பல் என்று சொல். ப்-ஐ எடுத்துவிட்டு க் போட்டால்?" கல். தமிழ்க் குழந்தைக்கு அசை சுலபமாகப் பிடிபடும், அசைக்குள் இருக்கும் மெய்யையும் உயிரையும் பிரிப்பது தாமதமாகத்தான் வரும். அவசரப்பட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். உயிர்மெய் முழுவதும் இந்தப் பிரிப்பின் மேல்தான் நிற்கிறது.

எந்த எழுத்தை முதலில்?

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இந்தக் கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம். குழந்தை உண்மையில் கற்க வேண்டியது 12 உயிர், 18 மெய்யின் வடிவம், ஒரு புள்ளி, 11 குறிகள், அவற்றில் சில முரண்டு பிடிக்கும் வடிவங்கள். ங வரிசையில் ங் தவிர மற்றவை பாடப் புத்தகத்தில் தலைகாட்டுவதே அபூர்வம். ஔகார வரிசை மௌனம், பௌர்ணமி போன்ற சில சொற்களோடு முடிந்துவிடும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அகர வரிசையில் அ-விலிருந்து ஔ வரை முடித்து, பிறகு க்-இலிருந்து ன் வரை முடித்து, பிறகு உயிர்மெய் என்று போனால் குழந்தை முதல் சொல்லை வாசிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அகர வரிசை அகராதி பார்ப்பதற்குத்தான் தேவை. அதைப் பிறகு பாட்டாகச் சொல்லித்தரலாம். வாசிப்புக்குத் தொடக்கம், நிறையச் சொற்களைத் தரும் எழுத்துகள்.

நான் பரிந்துரைப்பது ப, ட, ம, க, ல, கூடவே புள்ளி. இந்த ஐந்தையும் புள்ளியையும் வைத்தே படம், பட்டம், மடல், கல், பல், பகல், கடல், கப்பல், பக்கம், கட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். அடுத்து கால் குறி (ா). பால், கால், பாடம், பாலம், காகம், பாடல் வந்துவிட்டன. அ, ஆ இரண்டையும் சேர்த்தால் அப்பா, அம்மா. பிறகு ர. இப்போது "அம்மா, படம் பார்" என்று ஒரு முழு வாக்கியம். தானே வாசித்த முதல் வாக்கியம் ஒரு குழந்தைக்கு என்ன செய்யும் என்பதை நீங்கள் வகுப்பில் பார்ப்பீர்கள்.

ர-வைக் கால் நன்றாகப் பதிந்த பிறகு வைத்ததற்குக் காரணம் உண்டு. பல அச்செழுத்துகளில் ர-வின் அடியில் இருக்கும் சிறு சாய்கோடு, புள்ளியோ விலங்கோ வந்தால் (ர், ரி) காணாமல் போய்விடும். 'பார்' என்ற சொல்லில் ஒரு காலும், காலைப் போலவே இருக்கும் ஒரு ர்-உம் அடுத்தடுத்து நிற்கின்றன. பெரியவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. குழந்தை அங்கேதான் நின்றுவிடும். நீங்கள் அட்டை தயாரிக்கும்போது அந்தச் சாய்கோடு தெளிவாகத் தெரியும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். இதே காரணத்தால் ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகளை ஒரே வாரத்தில் தராதீர்கள். ப முதலில் என்றால் ய நன்றாகத் தள்ளி. எ-வும் ஏ-வும், ஒ-வும் ஓ-வும் கூட இடைவெளி விட்டு.

ண, ன, ழ, ள, ற ஆகியவற்றைச் சொல்லித்தரும்போது அந்த எழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடாதீர்கள், கிடைக்காது. வண்டி, மழை, பறவை என்று நடுவில் வரும் சொல்லைக் கொடுத்து, அந்த எழுத்துக்கு மட்டும் வேறு நிறம் தீட்டிக் காட்டுங்கள்.

கூட்டுவது எப்படி

பெரும்பாலான குழந்தைகள் தடுக்கி விழும் இடம் இது. எழுத்து எல்லாம் தெரியும், சொல் வராது. ப, ட, ம் என்று தனித்தனியாகச் சொல்லும். "சேர்த்துச் சொல்" என்றால் விழிக்கும். மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடுகிறது.

சொல்லை ஒரு அட்டையால் மூடிக்கொள்ளுங்கள். முதல் எழுத்தைத் திறங்கள்: ப. அடுத்ததைத் திறந்து, சேர்த்தே சொல்லவையுங்கள்: பட. பிறகு முழுவதும்: படம். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து சேர்த்துக்கொண்டே வருவதால் குழந்தை நினைவில் சுமக்க வேண்டியது குறைகிறது. முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், பிறகு சேர்ந்து செய்யுங்கள், பிறகு குழந்தை தனியாக.

உயிர்மெய்யைப் பிரித்துக் காட்டும்போது ஒரு பழக்கம் குறுக்கே வரும். மெய்யை இக், இப், இம் என்று சொல்லியே நாம் வளர்ந்திருக்கிறோம். "இப்பும் ஆவும் சேர்ந்தால்?" என்று கேட்டால், இப்பா என்றுதான் காதில் விழும். ம், ல் போல இழுத்துச் சொல்லக்கூடிய ஒலிகளில் தொடங்குங்கள். உதட்டை மூடி ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டே வாயைத் திறந்து ஆ. மா வந்துவிட்டது. குழந்தை உங்கள் வாயைப் பார்க்க வேண்டும். பார்த்துத் தானும் செய்ய வேண்டும். இது புரிந்த பிறகு ப், ட், க் சுலபம்.

அப்புறம் அட்டைச் சங்கிலி. கல் என்று வையுங்கள். ஒரு கால் நுழைத்தால் கால். க-வை எடுத்துவிட்டுப் ப வைத்தால் பால். காலை எடுத்தால் பல். நடுவில் ஒரு க நுழைத்தால் பகல். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றம், ஒவ்வொரு தடவையும் குழந்தையே வாசிக்க வேண்டும். சொல்லின் உருவத்தைப் பார்த்து ஊகிக்கும் குழந்தை இதில் தப்ப முடியாது, எழுத்து எழுத்தாகப் பார்த்தே ஆக வேண்டும்.

பகல் என்பதைக் குழந்தை முதலில் அழுத்தமான க-வோடு வாசிக்கும். கல்லில் வரும் க வேறு, பகலில் வரும் க வேறு, தங்கத்தில் வரும் க வேறு என்று விதி சொல்லத் தொடங்க வேண்டாம். "நாம் பேசும்போது எப்படிச் சொல்வோம்?" என்று கேட்டால் போதும். தெரிந்த சொல்லாக இருந்தால் குழந்தை தானே திருத்திக்கொள்ளும். சொற்கள் கூடக் கூட, இடத்துக்கு ஏற்ற ஒலி தானாகப் படிந்துவிடும்.

வாரத்துக்கு ஒருமுறை பொருளில்லாத சொற்கள் சிலவற்றைக் கொடுங்கள்: டாமல், டகாம், லகப். இதை யாரும் மனப்பாடம் செய்திருக்க முடியாது. இதை வாசிக்கிற குழந்தைக்குக் கூட்டத் தெரியும். அது விளையாட்டுச் சொல் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குறிகளில் சிக்கல் எங்கே வரும்?

கால், மேல்விலங்கு, சுழி வைத்த விலங்கு (ா, ி, ீ): இவை எழுத்துக்கு வலப்பக்கமோ மேலேயோ வருவதால் பெரிய தொந்தரவு இல்லை. உகரமும் ஊகாரமும் வேறு. அங்கே ஒரே குறி கிடையாது. மெய்யைப் பொறுத்து வடிவம் மாறும். வடிவத்தால் கூட்டிக் கற்பியுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொன்று. ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம் எடுத்தாலும் தவறில்லை.

கொம்புகள்தான் உண்மையான சோதனை. கெ, கே, கை மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக வாசிக்கக் கஷ்டப்பட்டுப் பழகிய குழந்தைக்கு இது தலைகீழ். கொ, கோ-வில் குறி இரண்டு பக்கமும். "கொம்பைப் பார்த்தால் நின்று, அடுத்த எழுத்தைப் பார், பிறகு சேர்த்துச் சொல்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். கொம்பையும் எழுத்தையும் ஒரே வட்டத்துக்குள் பென்சிலால் சுழிக்கவைத்தால் இன்னும் நல்லது. கெ, கொ இரண்டையும் பக்கத்தில் வைத்து, "கால் இருக்கிறதா பார்" என்று கேட்கும் பயிற்சியைப் பல நாள் தொடருங்கள்.

கன்னட மொழிக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்து 2007-ல் வெளியான ஆய்வு, இப்படிப்பட்ட எழுத்து முறைகளில் எல்லா எழுத்துகளும் கைவரத் தொடக்கப் பள்ளியின் பிந்தைய ஆண்டுகள் வரைகூட ஆகலாம் என்று காட்டியது. ஆக, இரண்டாம் வகுப்பில் கொம்பில் தடுமாறும் குழந்தையைப் பார்த்துப் பதறவேண்டியதில்லை.

ஒரு நாள் வகுப்பு

நாற்பது நிமிடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடம் பழைய அட்டைகள், வரிசை மாற்றி. அடுத்த ஐந்து நிமிடம் ஒலி விளையாட்டு. பத்து நிமிடம் புதிய எழுத்தோ குறியோ: பார்க்க, சொல்ல, காற்றில் விரலால் எழுத, பிறகு தாளில் எழுத. அடுத்த பத்து நிமிடம் சொல் கூட்டுதல், சொல்வதை எழுதுதல். கடைசிப் பத்து நிமிடம், இதுவரை கற்ற எழுத்துகள் மட்டுமே வரும் வாக்கியங்களை வாசிப்பது.

சொல்வதை எழுதவைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான்கு சொல், ஒரு வாக்கியம், அவ்வளவு போதும். வாசிக்கும்போது ஒலியைச் சேர்க்கிறோம், எழுதும்போது பிரிக்கிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று பலம். அதோடு, குழந்தையின் காதில் என்ன விழுகிறது என்பது எழுத்தில் அப்படியே தெரிந்துவிடும்.

கற்ற எழுத்துகளில் மட்டுமே அமைந்த வாசிப்புப் பகுதி கடையில் எளிதில் கிடைக்காது. நீங்களே எழுத வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து வரி. கதை சாதாரணமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. நல்ல கதைகளை நீங்கள் வாசித்துக் காட்டப்போகிறீர்கள்.

பத்துச் சொல் கொடுத்தால் ஒன்பதைத் தடுமாறாமல் வாசிக்கும்போது அடுத்த படிக்குப் போவது என் வழக்கம். வகுப்பில் பாதிப் பேர் அதை எட்டவில்லை என்றால் மறுநாளும் அதே பாடம், வேறு சொற்களோடு.

தவறு வந்தால்

குழந்தை "கடல்" என்பதைப் பார்த்து, பக்கத்தில் படகுப் படம் இருப்பதால் "கப்பல்" என்கிறது. "படத்தைப் பார்த்து யோசித்துச் சொல்" என்று நாமே தூண்டினால் இந்தப் பழக்கம் நிலைத்துவிடும். மூன்றாம் வகுப்பில் படங்கள் குறையும்போது அந்தக் குழந்தையின் கையில் எதுவும் இருக்காது. படத்தைக் கையால் மூடுங்கள். இரண்டாவது எழுத்தைத் தொட்டு, "இது என்ன?" என்று கேளுங்கள். ட. "இப்போது முதலிலிருந்து சேர்." கடல். பிறகு அந்த வாக்கியத்தை முழுவதுமாக மறுபடி. சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டால் வாக்கியம் நகரும், குழந்தை நகராது. முகத்தில் சலிப்புக் காட்டாமல் உடனுக்குடன் திருத்துவது மிகப் பெரிய உதவி.

ல, ள, ழ, ன, ண, ர, ற மயக்கங்களைத் திட்டித் தீர்க்க முடியாது. வீட்டுப் பேச்சில் பல குழந்தைகளுக்கு இவை ஒரே ஒலி. சிலவற்றுக்கு ஒழுங்கு இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுங்கள்: ட-வுக்கு முன் ண் (வண்டி), த-வுக்கு முன் ந் (பந்து), ற-வுக்கு முன் ன் (கன்று). சொல்லின் முதலில் வருவது ந மட்டுமே. மற்றவற்றை மழை, மலை போல இணைகளாகக் காட்டிப் பொருளோடு பழக்க வேண்டும்.

நீளமான சொற்களும் சரளமும்

"படித்துக்கொண்டிருந்தார்கள்" என்று ஒரு சொல் வரியை அடைத்துக்கொண்டு நிற்கும்போது, எழுத்தெழுத்தாகக் கூட்டினால் மூச்சு வாங்கும். படித்து, கொண்டு, இருந்தார்கள் என்று அதற்குள் இருக்கும் துண்டுகளைக் காட்டுங்கள். மரம், மரத்தில், மரத்தை, மரங்கள் என்று சொல்லின் கடைசியில் ஒட்டும் பகுதிகளைத் தனி அட்டைகளாக்கி ஒட்டிப் பார்க்கலாம். இரண்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

சரளத்துக்கு எளிய வழி ஒரே பகுதியை மூன்று நான்கு தடவை வாசிப்பது. ஜே சாமுவேல்ஸ் 1979-ல் எழுதி வைத்த இந்த முறை இன்றும் பயன்படுகிறது. நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், எங்கே நிறுத்துவது என்று காட்டுங்கள், பிறகு இரண்டு இரண்டு பேராக ஒருவருக்கொருவர் வாசிக்கட்டும். வகுப்பின் முன்னால் நிறுத்திக் கடிகாரம் பிடித்து வேகம் அளக்காதீர்கள். தடுமாறும் குழந்தை அன்றோடு வாய் திறக்காது.

பொருள்

பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-ல் சொன்ன கணக்கு இது: வாசித்துப் புரிவது என்பது, எழுத்தைச் சொல்லாக்கும் திறனைக் கேட்டுப் புரியும் திறனால் பெருக்கிவரும் விடை. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். எனவே எழுத்துப் பயிற்சி நடக்கும் அதே நாளில், தனியாகப் பதினைந்து நிமிடம், குழந்தைகளால் இன்னும் வாசிக்க முடியாத நல்ல கதையை நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும். "அவன் ஏன் ஒளிந்துகொண்டான்?" "நீயாக இருந்தால்?" என்று பேச வேண்டும். புதுச் சொல் இரண்டை எடுத்து வாரம் முழுவதும் பயன்படுத்த வேண்டும்.

தமிழில் இதற்கு இன்னொரு அவசியமும் உண்டு. குழந்தை பேசுவது "வந்துட்டிருக்கு", புத்தகத்தில் இருப்பது "வந்துகொண்டிருக்கிறது". எழுத்துத் தமிழ் காதில் விழுந்திராத குழந்தைக்குச் சரியாக வாசித்தாலும் பொருள் ஏறாது. "இருக்கிறது" என்று இருப்பதை ஒரு குழந்தை "இருக்கு" என்று வாசித்தால் எனக்குச் சந்தோஷம், பொருள் புரிந்திருக்கிறது. "சரி, புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறது பார்" என்று கேட்டு, எழுத்தையும் பார்க்கவையுங்கள்.

பின்தங்கும் குழந்தைகள்

எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் சிலருக்குக் கூடுதல் நேரம் வேண்டும். மூன்று நான்கு பேரைச் சேர்த்துத் தினமும் இருபது நிமிடம், அதே படிகள், இன்னும் சிறிய அடிகள், இன்னும் அதிகத் திருப்புதல். வாரத்தில் ஒரு மணி நேரம் மொத்தமாகக் கொடுப்பதைவிடத் தினமும் கொஞ்சம் கொடுப்பது நிற்கும். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாத குழந்தை அதைச் சொல்லாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

பல மாதங்கள் இப்படிச் செய்தும் நேற்றுப் படித்த எழுத்து இன்று நினைவில் இல்லை, ஒலியைப் பிரிக்கவே வரவில்லை, வீட்டிலும் இப்படி யாராவது திணறியிருக்கிறார்கள் என்றால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமமாக இருக்கலாம். இதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை, சோம்பலுக்கும் சம்பந்தமில்லை. தொடக்க வகுப்பில் எழுத்தைத் திருப்பிப் போடுவதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள். அது பல குழந்தைகள் கடந்துபோகும் கட்டம். நீங்கள் வைத்திருக்கும் கட்டம் போட்ட தாளையும் எழுதவைத்த நோட்டையும் பெற்றோரிடம் கொடுத்து நிபுணரிடம் அனுப்புங்கள். அங்கே முதலில் கேட்கப்போகும் தகவல் அதில்தான் இருக்கிறது.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் வந்து உட்காரும் குழந்தைக்கும் தொடக்கம் அதே ப, ட, ம-தான். ஆனால் சிறு குழந்தைப் படம் போட்ட அட்டையை நீட்டாதீர்கள், கூச்சத்தில் மூடிக்கொள்ளும். அதன் வயதுக்கு ஏற்ற சொற்கள், அதற்குப் பிடித்த விளையாட்டைப் பற்றிய வாக்கியங்கள், மற்றவர்கள் பார்க்காத ஒரு மூலை. கட்டத்தாளில் எது தெரியும் என்று பார்த்துத் தெரிந்ததைத் தாண்டிப் போனால், பெரிய குழந்தைகள் சிறியவர்களைவிட வேகமாகவே பிடித்துக்கொள்கிறார்கள்.